திருவாரூரிலிருந்து கலூருக்கு ஒரு வெளியூர் ஆட்டம்

டெல்டாவில் இருந்துகொண்டு சென்னையின் எஃப்சி கால்பந்து அணியை ஆதரிக்கிறவனுக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். பெரியமேடு நேரு ஸ்டேடியம் எங்கள் சொந்த மைதானம், சரி, ஆனால் திருவாரூரிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டர். காலையில் கிளம்பி, சாயங்காலம் ஆட்டம் பார்த்து, முடிந்ததும் எழும்பூருக்கு ஓடி, மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலை ஊர். இதைத்தான் நாங்கள் ஹோம் மேட்ச் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படியிருக்க கொச்சிக்குப் போவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று அத்தை மகன்தான் முதலில் கேட்டான். கேட்டது நியாயம். நம்ம ஊர் வழியாகவே நேரடி வண்டி இருக்கிறது.

காரைக்கால் - எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். பெரியவர்கள் இன்னும் டீ கார்டன் என்றுதான் சொல்வார்கள். காரைக்காலில் கிளம்பி நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, கோவை, பாலக்காடு, திருச்சூர் என்று இரவு முழுக்க ஓடி காலையில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடும். சாயங்காலம் ஏறினால் போதும், நடுவில் எங்கும் மாற வேண்டாம். இந்த வண்டி ஓடுகிற ஊர்க்காரர்கள் கொச்சியின் கலூர் ஸ்டேடியத்தை டிவியில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே பொறுக்கவில்லை.

2023 நவம்பர் 29, புதன்கிழமை, கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடன் கொச்சியில் ஆட்டம். வார நடுவில் லீவு போடுவது எனக்குச் சிரமமில்லை. அத்தை மகனுக்குத்தான் பாடு. அந்த வருஷம் எங்கள் பக்கம் மோசமான வருஷம். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள், வழக்கமாக ஜனவரி 28 வரை வர வேண்டிய தண்ணீர், அணையில் இருப்பு இல்லையென்று அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றுபோனது. கடைமடையில் குறுவை கருகியதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவன் சம்பாவுக்கு நாற்று விடாமல் நேரடி விதைப்பு செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நவம்பரில் நல்லவேளையாக மழை பிடித்துக்கொண்டது. பயிர் தேறி வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மேலுரம் வீசி முடித்து, வாய்க்காலில் கை கால் கழுவி, வீட்டுக்கு வந்து குளித்து, நீல ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். விரல் இடுக்கில் யூரியா வாசம் அப்படியே இருந்தது.

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. தை மாசம் சம்பா அறுப்பு முடிந்ததும் தாள் காய்ந்து கிடக்கிற வயல்தான் மைதானம். மூங்கிலை நட்டு கோல்போஸ்ட். வெறும் காலோடு ஓடினால் அறுத்த தாளின் அடிக்கட்டை குத்தும், அதனால் பந்தை உருட்டுவதைவிடத் தூக்கி அடிக்கவே எல்லாரும் பழகிவிடுவோம். கோடையில் ஏரி வற்றினால் அங்கே. பொங்கலுக்கு எழுவர் போட்டி. ஆடிமாசம் தண்ணீர் வந்து உழவு ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது, அடுத்த தை வரைக்கும் ஒன்றும் கிடையாது. கால்பந்துப் பைத்தியம் எங்களுக்கு இப்படித்தான் பிடித்தது. உலகக் கோப்பைக்கு பிரேசில், அர்ஜென்டினா கட்அவுட் வைக்கிற ஊர்கள் டெல்டாவிலும் உண்டு, கேரளாவில் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வண்டியில் எங்கள் எதிர் பெர்த்தில் வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்புகிற வயதான தம்பதி. இந்த வண்டியில் எப்போது ஏறினாலும் பாதிப் பேர் வேளாங்கண்ணி, நாகூர் போய்வருகிற மலையாளிகள்தான். அம்மா கையில் மாதா கோயில் எண்ணெய் பாட்டில், துணியில் சுற்றிப் பத்திரமாக மடியிலேயே வைத்திருந்தார். ஐயா எங்கள் ஜெர்சியைப் பார்த்தார், நெஞ்சில் இருந்த சின்னத்தைப் பார்த்தார், "களி காணானா?" என்றார். ஆமாம் சேட்டா, நாளைக்கு கலூரில் என்றதும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மோனே, நாளெ நிங்ஙள் தோல்க்கும் கேட்டோ" என்று சிரித்துக்கொண்டே முதலில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

திருச்சூர்க்காரர். 1990-இல் கேரள போலீஸ் அணி ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது திருச்சூரில்தான். அந்த இறுதி ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அடுத்த வருஷம் கண்ணூரில் அதே அணி மறுபடியும் கோப்பையை வாங்கியது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், பாப்பச்சன், ஷரஃபலி என்று ஒவ்வொரு பெயராக, சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். விஜயன் சின்னப் பையனாக திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர், அப்புறம் அதே ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சத்யன் பெயர் வந்ததும் கொஞ்ச நேரம் எங்களால் பேச முடியவில்லை. இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், பிறகு சென்னையில் இந்தியன் வங்கிக்காக ஆடியவர், 2006-இல் பல்லாவரத்தில் இறந்தார். எங்கள் மாநிலத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் இந்தக் கால்பந்து உறவு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே இருக்கிறது. டெர்பி, பகை என்று போஸ்டர் போடுகிறவர்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுப் புளிசாதத்தை இலையில் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். நல்லெண்ணெய் வாசனைக்கு அந்த அம்மா தனியாக ஒரு பாராட்டு சொன்னார். திருச்சூரில் அவர்கள் இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. ஐயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சமநிலை ஆயா மதி" என்று எங்களுக்குக் கருணை காட்டிவிட்டுப் போனார். டிரா ஆனால் போதும் என்று. அவர் வாக்கு பலித்ததை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

கொச்சியில் பகல் பொழுதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சவுத் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ், புட்டும் கடலையும், ஒரு குட்டித் தூக்கம். மதியம் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வைப்பினுக்கு வாட்டர் மெட்ரோவில் போய் வந்தோம். அந்த ஏப்ரலில்தான் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தது, ஏசி படகு, சத்தமே இல்லாமல் போகிறது. அத்தை மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை தண்ணீர், நமக்கு மட்டும் கல்லணையில் கணக்குப் போட்டு விட வேண்டியிருக்கிறதே என்றான். கடலோடு கலந்த உப்புத் தண்ணீர்டா அது, பயிருக்கு ஆகாது என்றேன். அது அவனுக்கும் தெரியும்.

சாயங்காலம் மெட்ரோவில் ஏறினோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் சட்டைகள் ஏறுகின்றன, நீலம் நாங்கள் இருவர் மட்டும். ஸ்டேடியம் பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம், இறங்கினால் எதிரிலேயே கேலரி. சென்னையிலும் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம்தான், ஆனால் இங்கே பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போதே உள்ளேயிருந்து வரும் செண்டை சத்தம் வயிற்றில் அதிர்கிறது.

கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் 1990-களின் நடுவில் கட்டியது. 1997-இல் நேரு கோப்பை இங்கே நடந்தது, அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னும் அங்கே பேசுகிறார்கள். 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்களும் நடந்தன. பிரேசிலும் ஸ்பெயினும் ஆடியது இந்தப் புல்லில்தான். டிவியில் பார்க்கும்போது தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, கேலரிக்குக் கீழே வட்டமாகக் கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. சாதாரண நாளில் அங்கே வியாபாரம் நடக்கும், ஆட்டத்தன்று அதே நடைபாதையில் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவர்களும் கொடி விற்கிறவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு, இது அடிப்படையில் கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிய வட்ட மைதானம். 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சச்சின் 5 விக்கெட் எடுத்தது இங்கேதான். அதனால் கேலரிக்கும் புல்லுக்கும் இடையே நிறைய இடைவெளி. தூரத்துக் கார்னரில் நடப்பது சரியாகத் தெரியாது. சென்னையிலும் ஓட்டப்பாதை குறுக்கே கிடக்கிறது. கால்பந்துக்கென்றே கட்டிய, கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு பெரிய மைதானம் நம் இரண்டு மாநிலத்திலும் வந்தே ஆக வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வரும்.

ஆனால் தூரத்தை அந்தக் கூட்டம் மறக்கடித்துவிடுகிறது. கிழக்கு கேலரியில் மஞ்ஞப்பட என்கிற பிளாஸ்டர்ஸ் ரசிகர் படை. கீழடுக்கில் ஆரம்பிக்கிற ஒரு பாட்டு மேலடுக்குக்கு ஏறி, வட்டம் சுற்றி, நம் முதுகுக்குப் பின்னால் வந்து விழுகிறது. நான் எதிரணி ஆள், இருந்தும் மயிர்க்கூச்செறிந்தது, இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பாட்டி, மகள், பேத்தி மூவரும் மஞ்சளில். பாட்டிக்கு ஆஃப்சைடு தெரிகிறது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவதற்கு முன்னால் அவர் கை தூக்கிவிடுகிறார்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

முதல் நிமிஷம். நாங்கள் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. ரஹீம் அலி கோல். ஒரு நொடி முழு ஸ்டேடியமும் நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் எங்கள் மூலையிலிருந்து மட்டும் ஒரு சின்னக் கூச்சல், சென்னையிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வந்திருந்த நீலச் சட்டைகள், அவர்களோடு நாங்களும். அறிமுகமே இல்லாத ஒருத்தர் என்னைத் தூக்கியே விட்டார். எந்த ஊர் என்று கேட்டார், திருவாரூர் என்றேன், அங்கேயிருந்தா என்று மறுபடியும் கட்டிப்பிடித்தார்.

11-ஆவது நிமிஷம் அவர்களுக்குப் பெனால்டி, டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ் போட்டார், 1-1. செண்டை திரும்ப ஆரம்பிப்பதற்குள் 13-ஆவது நிமிஷம் எங்களுக்குப் பெனால்டி. ஜோர்டன் மர்ரே, 2-1. 24-ஆவது நிமிஷம் மறுபடியும் மர்ரே, 3-1. இந்த மர்ரே யார் என்று தெரிந்தால்தான் அந்த இரவின் ருசி தெரியும். 2020-21 சீசனில் அவர் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர். கொரோனா காலம், லீக் முழுவதும் கோவாவில், கேலரியில் ஒரு ஆள் இல்லாமல் நடந்தது. மஞ்சள் சட்டையில் அவர் கோல் போட்டதையெல்லாம் இந்தக் கூட்டம் வீட்டில் டிவியில்தான் பார்த்தது. நேரில் பார்க்கக் கிடைத்தபோது அவர் நீலச் சட்டையில் இரண்டு கோல் போட்டுவிட்டு நிற்கிறார். முன் வரிசைப் பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

3-1 ஆனதும் அத்தை மகன் மூன்று புள்ளியைப் பையில் போட்டுக்கொண்டவன் போலப் பேச ஆரம்பித்துவிட்டான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த சீசன் முழுக்க எங்கள் அணி அப்படித்தான் இருந்தது. பஞ்சாபை 5-1 என்று அடிப்பார்கள், அடுத்த ஆட்டத்திலேயே மூன்று கோல் வாங்குவார்கள். பயிற்சியாளர் ஓவன் காயிலின் ஆட்டம் முன்னால் போகும்போது பார்க்க அவ்வளவு அழகு, கிரிவெல்லாரோ காலில் பந்து இருந்தால் நான் கண் சிமிட்டுவதில்லை, ஆனால் முன்னிலை எடுத்த பிறகு பின்னால் ஒதுங்கி ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எனக்கு அன்றும் தோன்றியது. 38-ஆவது நிமிஷம் குவாமே பெப்ரா அடித்தார், 3-2. பந்து வலையில் விழுந்தபோது எழுந்த சத்தம், நாங்கள் உட்கார்ந்திருந்த சிமென்ட் படி வழியாகக் காலுக்குள் ஏறியது. உண்மையிலேயே படி அதிர்ந்தது, கையை வைத்துப் பார்த்தேன்.

இடைவேளையில் டீ. பாட்டி திரும்பிப் பார்த்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தஞ்சாவூர் பக்கம் என்று சொன்னால்தான் வெளியூரில் புரியும், அப்படியே சொன்னேன். பெரிய கோயிலுக்கு வந்திருக்கிறாராம். பேத்தி எங்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தாள்.

59-ஆவது நிமிஷம் டயமண்டகோஸ். 3-3. அதற்குப் பிறகு அரை மணி நேரம் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒவ்வொரு கார்னருக்கும் நான் மனசுக்குள் தியாகராஜரைக் கூப்பிட்டேன். பட்டியலில் மேலே இருந்த அணி, தன் ஊர், தன் கூட்டம், நாலாவது கோல் விழுந்துவிடும் என்றுதான் ஸ்டேடியமே காத்திருந்தது. விழவில்லை. விசில் ஊதியதும் அத்தை மகன் படியில் உட்கார்ந்து, இரண்டு கோல் முன்னிலையை விட்டுவிட்டோமே என்று புலம்பினான். அவனுக்கு அது தோல்வி. எனக்கு அப்படிப் படவில்லை. கொச்சியில் ராத்திரி வேளையில் பின்னாலிருந்து எழுந்து வருகிற ஒரு அணியை, அந்தக் கூட்டத்தோடு சேர்த்து, கடைசி அரை மணி நேரம் தாங்கி நின்றார்கள். அந்த ஒரு புள்ளியை நான் மதிக்கிறேன். ஊர் வந்து சேரும்வரை இதைப் பற்றி அவனோடு சண்டை ஓயவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் கிழக்கு கேலரிக்கு முன்னால் போய் நிற்க, எல்லாரும் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒரே தாளத்தில் தட்டினார்கள். எங்கள் ஆட்களும் எங்கள் மூலைக்கு வந்து கை தட்டிவிட்டுப் போனார்கள். அத்தனை தூரத்திலிருந்தும் ரயான் எட்வர்ட்ஸ் நிற்கிற உயரத்தை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். மெட்ரோவில் திரும்பும்போது மஞ்சள் சட்டைப் பையன்கள் எங்களைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நல்ல களி ஆயிருந்நு" என்று கை கொடுத்தார்கள். ஆமாம், நல்ல ஆட்டம்தான். மூன்று கோல் வாங்கியவர்களும் மூன்று கோல் போட்டவர்களும் ஒரே பெட்டியில் ஒரே ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ராத்திரி ஆட்டம் முடிந்து அதே இரவு காரைக்கால் வண்டியைப் பிடிக்க முடியாது, பத்தரை மணி வாக்கில் அது கிளம்பிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு ரூம் போட்டு, மறுநாள் ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளைப் பார்த்துவிட்டு, ராத்திரி ஏறுங்கள், மறுநாள் மதியத்துக்குள் டெல்டா வந்துவிடும். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ரூமிலேயே வைத்துவிடுங்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டே போங்கள், எங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

கொச்சியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வயநாட்டிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் பஸ் பிடித்து அவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் அது பக்கத்து ஊர் கிடையாது. நாமும் சென்னைக்குப் போகத்தான் போகிறோம். ஆனால் எங்கள் அணி எங்களைத் தேடி ஒரு தடவை வரலாமே. லீக் ஆட்டம் கேட்கவில்லை. சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆடுகிற பயிற்சி ஆட்டங்களில் ஒன்றைத் தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானத்திலோ திருச்சியிலோ வைத்தால் போதும். மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் என்று சைக்கிளிலும் பைக்கிலும் டவுன் பஸ்ஸிலும் பையன்கள் வந்து குவிவார்கள். 2015-இல் வெள்ளத்தால் அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டி வந்தும் கோப்பையோடு திரும்பிய அணி இது, 2018-இல் பெங்களூருக்கே போய் இரண்டாவது கோப்பையைத் தூக்கிய அணி. அந்த இரண்டு இறுதி ஆட்டத்தையும் எங்கள் ஊர் டீக்கடையில் நின்றுகொண்டு பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அணிக்குத் தெரிய வேண்டும். அறுவடை வயலில் அடிக்கட்டை குத்தக் குத்த ஓடுகிற பையன் ஒருத்தன், நிஜமான ஆட்டக்காரன் முதல் தொடுதலில் பந்தை எப்படி நிறுத்துகிறான் என்பதைப் பத்தடி தூரத்தில் பார்க்க வேண்டும். இதை நான் அணிக்கு எழுதி அனுப்பப் போகிறேன், நீங்களும் எழுதுங்கள், ஒரு கடிதத்தைவிட நூறு கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

அடுத்து பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம். மயிலாடுதுறை வழியாகப் போகிற மைசூர் வண்டியில் சாயங்காலம் ஏறினால் காலையில் பெங்களூர். அட்டவணை பார்த்துவிட்டேன், அத்தை மகனும் சரி சொல்லிவிட்டான். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், ஒரே பெட்டியில் சேர்த்துப் போட்டுவிடலாம்.